சத்தத்துக்குள் இருந்தவர்

எனக்குப் பேத்தி பிறந்திருக்கிறாள். ரக்ஷிதா என்று பேர். இதை முதலில் சொல்லாமல் வேறு எதையும் ஆரம்பிக்க எனக்கு மனசு வரவில்லை. பல் முளைக்காத வாயை விரித்து அவள் சிரிக்கிற படம் ஒன்று என் போனில் இருக்கிறது. ஷேர் ஆட்டோவில் பக்கத்தில் உட்காருகிற முன்பின் தெரியாத ஆளுக்குக்கூட அதைக் காட்டிவிடுகிறேன். சிலர் சிரிப்பார்கள். சிலர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்கள். பரவாயில்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது அவளுடைய இன்னொரு தாத்தாவைப் பற்றி. என் சம்பந்தி குணசேகரன்.

பட்டான்செரு பக்கம் இருக்கிற பாக்டரிகளுக்குக் கரண்ட் கொடுப்பதற்கென்றே ஒரு கம்பெனி நிலக்கரி பவர் ஹவுஸ் நடத்திக்கொண்டிருந்தது. மூன்று யூனிட். ஒரு யூனிட் என்றால் ஒரு பாய்லர், ஒரு டர்பைன். கரியை எரித்துத் தண்ணீரை ஆவியாக்கி, அந்த ஆவியால் டர்பைனைச் சுற்ற வைத்தால் கரண்ட். நான் கீழே இருந்தவன். கரி யார்டில் கன்வேயர் பெல்ட்டைப் பார்த்துக்கொள்கிற காண்ட்ராக்ட் ஆள். வீட்டுக்குப் போனால் என் சட்டையைத் தனியாகத்தான் துவைப்பார்கள். குணசேகரன் மேலே இருந்தவர். டர்பைன் தளத்தில் ஆபரேட்டர், பர்மனென்ட் வேலை. அவர் தாத்தா காலத்திலேயே அரக்கோணத்திலிருந்து ரயில்வே வேலைக்காக சிகந்திராபாத் வந்துவிட்ட குடும்பம். அப்பா லாலாகூடா ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். இவர் மட்டும் ரயில்வேயை விட்டுவிட்டுப் பவர் ஹவுஸுக்கு வந்தவர்.

நான் அவரை முதலில் பார்த்தது ஒரு மழை நாளில். கரி நனைந்து பெல்ட்டில் சேறு மாதிரி ஒட்டிக்கொண்டது. இன்டர்காம் வேலை செய்யவில்லை. மேலே போய்ச் சொல்லிவிட்டு வா என்று என்னை அனுப்பினார்கள். டர்பைன் தளத்தின் கதவைத் திறந்ததும் நெஞ்சில் யாரோ கையை வைத்துத் தள்ளுவது மாதிரி இருந்தது. அப்படி ஒரு சத்தம். நான் கத்துகிறேன், என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவர் என் வாயை மட்டும் பார்த்தார். புரிந்தது என்று தலையை ஆட்டினார். உள்ளங்கையைக் கீழே அழுத்திக் காட்டினார். லோடைக் குறைக்கிறோம் என்று அர்த்தம். அப்புறம் கட்டைவிரலை வாயருகே சாய்த்தார். டீ குடித்துவிட்டுப் போ என்று அர்த்தம்.

அந்தத் தளத்தில் எல்லாருக்கும் அதுதான் பாஷை. விரலைச் சுழற்றினால் டர்பைன். முஷ்டியால் முஷ்டியைத் தட்டினால் பாய்லர். தலையில் தட்டினால் வெள்ளை ஹெல்மெட் ஆபீசர் வருகிறார், ஜாக்கிரதை. தமிழ், தெலுங்கு, இந்தி, ஒடியா, யார் எந்த ஊர்க்காரனாக இருந்தாலும் கை ஒன்றுதான். அங்கே வாயால் பேசுகிறவன் புது ஆள்.

காதுக்கு மூடி கொடுத்திருந்தார்கள். அது ஆணியில் தொங்கும். அதை மாட்டிக்கொண்டால் பேரிங் சத்தம் மாறுவது தெரியாமல் போய்விடும் என்று யாரும் மாட்டமாட்டார்கள். இதைத் தப்பு என்று அன்றைக்கு ஒருவருக்கும் தோன்றவில்லை.

அவருடைய மகன் சுனிலும் என் மகள் ராஜியும் அமீர்பேட்டில் ஒரே இன்ஸ்டிடியூட்டில் கம்ப்யூட்டர் படித்தார்கள். ஒருவரை ஒருவர் பிடித்துப்போய், வீட்டில் சொல்ல வந்த நாளில்தான் இரண்டு அப்பாக்களும் ஒரே சிம்னிக்குக் கீழே வேலை செய்கிறார்கள் என்பது தெரிந்தது. குணசேகரன் யார்டுக்கே இறங்கி வந்து என் கரிக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னா நடேசன், சம்பந்தி ஆயிடலாமா? இல்ல யார்டு ஆளு, டர்பைன் ஆளுக்குப் பொண்ணு தர யோசிக்கிறியா?"

"தர்றேன். ஆனா கல்யாணத்துலயாவது நீங்க கத்தாம பேசணும்."

"நான் எங்கடா கத்தறேன்?" என்று கத்தினார். சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். எங்களில் மேலே வேலை செய்தவர்கள் அத்தனை பேரும் வீட்டில் கத்துகிறவர்கள்தான். அவர் மனைவி கமலம் அம்மா சொல்வார்கள், "இது இன்னா உங்க டர்பைனா? நான் பக்கத்துலதானே நிக்கறேன்." சொல்வதற்கு முன்னால் அந்த அம்மா அவர் தோளைத் தொடுவார்கள். அவர் திரும்பிய பிறகுதான் பேசுவார்கள். அதை நான் பலதடவை பார்த்திருக்கிறேன். அந்நியோன்யமான தம்பதி என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் யூனிட்டை நிறுத்தியபோது யாரும் அழவில்லை. பாய்லர் குழாய் அடிக்கடி ஓட்டையாகும், வெல்டிங் வைப்பார்கள், மறுபடி ஓட்டையாகும். போனால் போகட்டும் என்று இருந்தது. ஆட்களை மற்ற இரண்டு யூனிட்டுக்கும் பிரித்துக் கொடுத்தார்கள். கொரோனாவுக்குப் பிறகு இரண்டாவதையும் நிறுத்தினார்கள். பாக்டரிகள் கூரைமேல் சோலார் தகடு போட ஆரம்பித்திருந்தன. புகைக்குப் புதுச் சட்டம் வந்திருந்தது, அதற்கான மெஷின் வைக்கக் கம்பெனிக்குக் கட்டுப்படியாகவில்லை. அந்த வருஷம்தான் கமலம் அம்மாவும் போனார்கள். ஜுரம் என்று படுத்தார்கள், எழுந்திருக்கவில்லை.

அதற்கப்புறம் டர்பைன் தளத்தில் ஒரே மெஷின். அதன் பக்கத்தில் போனால்தான் காதடைக்கும். கொஞ்சம் தள்ளி வந்தால் வாயால் பேசலாம். ஆட்கள் மெதுவாகக் கையை விட்டுவிட்டு வாய்க்கு வந்தார்கள். குணசேகரன் மட்டும் கையிலேயே இருந்தார். அவருக்கு அடுத்த ஆபரேட்டர் மோகன், சிகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பையன், கிண்டல் செய்வான்.

"அண்ணா, இன்னும் ஊமைப் படம் ஓட்டறீங்களே, நக்கோ அண்ணா, வேணாம். வாயைத் தொறங்க."

எல்லாரும் சிரிப்பார்கள். குணசேகரனும் சிரிப்பார். மற்றவர்கள் சிரித்து முடித்த பிறகு சிரிப்பார்.

ராஜி உண்டாகி, ஏழாம் மாதம் வளைகாப்பு நடந்தது. பந்தி முடிந்து எல்லாரும் கால் நீட்டி உட்கார்ந்திருக்கும்போது அந்தப் பேச்சு வந்தது. குழந்தையை யார் பார்த்துக்கொள்வது? ராஜிக்கும் சுனிலுக்கும் மாதாப்பூரில் ஆபீஸ். என் மனைவி ரஞ்சனா அமீர்பேட்டில் ஒரு பெண்கள் ஹாஸ்டலில் சமையல் முழுவதையும் பார்க்கிறாள், நினைத்த நேரத்தில் விட்டுவிட்டு வரமுடியாது. எனக்கோ கரி யார்டை ஒழித்துக் காலி செய்கிற வரைக்கும் வேலை இருந்தது.

"லீவு முடிஞ்சதும் நான் ஜாயின் பண்ணணும்பா," என்றாள் ராஜி. "ஆயா வெச்சா பயமா இருக்கு. ஆயாங்க அடிக்கறதை எவ்ளோ வீடியோல பார்க்கறோம்."

குணசேகரன் அவளுக்கு எதிரில்தான் உட்கார்ந்திருந்தார். சட்டென்று நிமிர்ந்தார்.

"ஆயா எதுக்கும்மா? நான் எதுக்கு இருக்கேன்?"

"டாடி, டயப்பர் மாத்தணும், தெரியும்ல?" என்றான் சுனில்.

"உனக்கு யாருடா மாத்தினா? ஷிப்ட் முடிச்சுட்டு வந்து உன் மூத்திரத் துணியெல்லாம் அலசினது இந்தக் கைதான். உங்கம்மா தூங்குவா. அவளைக் கேளு..." என்றவர், கேட்க கமலம் இல்லை என்பது ஞாபகம் வந்து நிறுத்தினார். ராஜியைப் பார்த்துச் சொன்னார், "மூணாவது யூனிட்டும் நின்னுட்டா நான் இன்னா பண்ணப்போறேன்னு யோசிச்சு யோசிச்சு மண்டை காஞ்சுபோச்சும்மா. இப்போ ஒரு வேலை கெடைச்சுடுச்சு. என்கிட்ட குடு. வேற யார்கிட்டயும் குடுக்காத."

ராஜிக்குக் கண் கலங்கிவிட்டது. "சரி மாமா, உங்ககிட்டதான்," என்றாள். அன்றிலிருந்து அவர் நடையே மாறிவிட்டது. பவர் ஹவுஸ் மூடுவதைப் பற்றி மற்றவர்கள் புலம்பும்போது அவர் மட்டும் ஓரமாக நின்று, "நமக்கு அடுத்த டூட்டி ரெடி," என்பார்.

ரக்ஷிதா ஆடியில் பிறந்தாள். முகத்தில் பாதி எங்கள் பக்கம், காது மட்டும் அப்படியே அவர் பக்கம். மடல் பெரிதாக, விறைப்பாக. அதைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாவது யூனிட் தை மாசத்தில் நின்றது. காலையில் பூசணிக்காய் சுற்றி உடைத்தார்கள், கற்பூரம் காட்டினார்கள். ஆரம்பிக்கும்போது செய்வதை முடிக்கும்போதும் செய்தார்கள். யார்டு ஆட்களையும் மேலே வந்து பார்க்கச் சொன்னார்கள். கண்ட்ரோல் ரூமில் லோடைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினார்கள். கடைசியில் ஆவியை அடைத்து டர்பைனை ட்ரிப் செய்தார்கள். அதற்குப் பிறகும் அது உடனே நின்றுவிடாது. வந்த வேகத்திலேயே நெடுநேரம் சுற்றி, தளர்ந்து, தளர்ந்து நிற்கும். குணசேகரன் வேகம் காட்டுகிற முள்ளுக்கு முன்னால் நின்றார். திரும்பவே இல்லை.

சத்தம் இறங்கிக்கொண்டே வந்தது. முதலில் மனிதர்கள் இருமுவது கேட்டது. அப்புறம் கூரைத் தகட்டில் புறா நடப்பது கேட்டது. யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். நான் அந்தத் தளத்தில் அப்படி ஒரு அமைதியை நினைத்துப் பார்த்தது இல்லை.

அந்த அமைதியில் குணசேகரன் வீறிட்டுக் கத்தினார்.

"மோகா! பாரிங் போடுடா! பாரிங்!"

கத்திக்கொண்டே இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கி மெதுவாகச் சுழற்றிக் காட்டினார். சூடான டர்பைன் தண்டு நின்ற இடத்திலேயே நின்றால் தொய்ந்து வளைந்துவிடும். அதனால் ஆறுகிறவரைக்கும் சின்ன மோட்டார் வைத்து மெதுவாகச் சுற்றிக்கொண்டே இருப்பார்கள். அதைத்தான் பாரிங் என்கிறார். மோகன் அவருக்கு ஒரு முழம் தள்ளித்தான் நின்றுகொண்டிருந்தான்.

"அண்ணா, இங்கதான் இருக்கேன், கைக்கு கத்தறீங்க?" என்றான். எதற்கு என்பதை அந்த ஊர்ப் பேச்சில் கைக்கு என்பார்கள்.

"பாரிங் போடுடா, வளைஞ்சிடும்!"

"ஸ்கிராப்புக்குப் போற தண்டு வளைஞ்சா இன்னா அண்ணா?"

அவர் முள்ளையே பார்த்துக்கொண்டு கையைச் சுழற்றிக்கொண்டே இருந்தார். சிலர் சிரித்தார்கள். ஆபீசர், "போடட்டும் விடுங்க," என்றார். மோகன் போய்ப் போட்டான். அப்போதுதான் குணசேகரனின் பாக்கெட்டில் போன் அடித்தது. சினிமாப் பாட்டு, முழு வால்யூம். அந்தக் கூடமே கேட்டது. எல்லாரும் அவரைப் பார்த்தோம். அவர் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாட்டு பாடி முடிந்து, நின்று, மறுபடி அடித்தது. சிரித்துக்கொண்டிருந்தவர்கள் சிரிப்பை நிறுத்தினார்கள். மோகன் மெதுவாக வந்து அவர் தோளைத் தொட்டான். அவர் திரும்பினார். எங்கள் எல்லார் முகத்தையும் ஒருமுறை பார்த்தார். அப்புறம் பாக்கெட்டில் கையை வைத்தார்.

சுனில்தான் கூப்பிட்டிருந்தான். முடிந்துவிட்டதா என்று கேட்பதற்காக.

சாயங்காலம் கேன்டீனுக்குப் பின்னால் அவரைப் பிடித்தேன். எதிரில் போய் நின்று, வாயை நன்றாகத் திறந்து கேட்டேன்.

"சம்பந்தி, உங்களுக்குக் காது கேக்குதா?"

"கேக்குதே. நீ பேசறது கேக்குதே."

நான் திரும்பி நின்று, சுவரைப் பார்த்துக்கொண்டு, "என் பேர் இன்னா சொல்லுங்க," என்றேன். பதில் இல்லை. திரும்பிப் பார்த்தபோது அவர் தரையில் உட்கார்ந்திருந்தார்.

"உள்ள ஓடிக்கிட்டே இருக்கு நடேசா," என்றார். அவர் மெதுவாகப் பேசி நான் கேட்டது அப்போதுதான். "மூணு யூனிட்டும் ஓடுது. வீட்டுல படுத்தாலும் ஓடுது. அதுக்கு மேல வேற எதுவும் ஏறமாட்டேங்குது. கமலத்துக்குத் தெரியும். அவ யார்கிட்டயும் சொல்லல."

"ராஜிகிட்ட சொல்லணும்ல?"

என் கையைப் பிடித்துக்கொண்டார். "வேணாம் நடேசா. சொன்னா பாப்பாவை என்கிட்ட வுடமாட்டாங்க."

எனக்கு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஆனால் பேத்தியின் முகமும் கண்ணுக்கு முன்னால் நின்றது. ஒரு அறையில் அவள் கத்துகிறாள், இன்னொரு அறையில் இவர் உட்கார்ந்திருக்கிறார்.

"கொழந்தை சமாச்சாரம் சம்பந்தி. நீங்களே சொல்லிடுங்க. ஞாயித்துக்கெழமை வரைக்கும் நான் வாய தொறக்கமாட்டேன். அதுக்கு மேல தாங்காது."

என் கையை விட்டுவிட்டார். கம்பெனி பஸ்ஸில் வேறு சீட்டில் போய் உட்கார்ந்தார்.

அவரே சொன்னார். ஞாயிறு வரைக்கும் காத்திருக்கவும் இல்லை. சுனில் அவரை ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனான். காது நரம்பே அடி வாங்கிவிட்டது, திரும்ப வராது என்றார்களாம். லாரி சத்தம், மேளச் சத்தம் மாதிரி கனமான சத்தம் ஓரளவு கேட்குமாம். குருவி, விசில், குழந்தை அழுகை மாதிரி மெல்லிசாக ஏறுகிற சத்தம்தான் முதலில் போகுமாம். காதில் மாட்டுகிற மெஷின் கொடுத்தார்கள். மாட்டிக்கொண்டு வந்தவரிடம் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "ஃபேன் சத்தம் பெருசா கேக்குது. தட்டு வெச்சா இடி மாதிரி இருக்கு. பேச்சு மட்டும் கொழகொழன்னு வருது," என்றார்.

ராஜி லீவு முடிகிற நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. கம்பெனி குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொல்லிவிட்டதால் குணசேகரன் பெட்டியோடு மியாப்பூரில் மகன் ஃப்ளாட்டுக்கே வந்துவிட்டார். குழந்தை இருக்கிற வீட்டிலேயே இருக்கிறார். ஆனால் குழந்தை யாரிடம் என்பது முடிவாகவில்லை. சாப்பாட்டு மேஜையில் ராஜி வாயெடுத்தாள்.

"மாமா, தப்பா எடுத்துக்காதீங்க. பகல்ல கொழந்தைங்களைப் பார்த்துக்கற கிரெச் ஒண்ணு பார்த்திருக்கோம், ஆபீஸ் பக்கத்துல..."

"ஏன்? நான் காதை வெச்சாம்மா டர்பைன் ஓட்டினேன்?" என்றார். "ரவுண்டு போவேன். நேரத்துக்கு நேரம் போய்த் தொட்டுப் பார்ப்பேன். எண்ணெய் இருக்கா, சூடு எவ்ளோ, அதிருதா, எல்லாம் கையும் கண்ணும்தான். ஒரு நாள் ரவுண்டு தவறினது இல்ல. பாப்பாவையும் அப்டிதான் பார்ப்பேன். போய்ப் போய்ப் பார்ப்பேன்."

"பாப்பா மெஷின் இல்ல மாமா. ஒரு ரவுண்டுக்கும் இன்னொரு ரவுண்டுக்கும் நடுவுல அழுதா?"

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். அப்புறம் அவராகவே சொன்னார்.

"ட்ரையல் எடுங்க. புது மெஷின் வந்தா ட்ரையல் எடுப்போம்ல. எல்லாரும் வீட்டுல இருக்கறப்பவே எடுங்க. நீங்க குறுக்க வரக்கூடாது. நான் பாஸா ஃபெயிலானு நீங்களே சொல்லுங்க."

வேண்டாம் என்றேன் நான். சுனிலும் "லீவ் இட் டாடி," என்றான். அவர் விடவில்லை.

சனிக்கிழமை காலை வைத்துக்கொண்டோம். குழந்தையைக் குளிப்பாட்டி, பால் கொடுத்து, உள் அறையில் தொட்டிலில் போட்டாள் ராஜி. நாங்கள், நான், ரஞ்சனா, ராஜி, சுனில், சமையலறைக்குள் போய்க் கதவை ஒருக்களித்துக்கொண்டோம். ஹாலில் அவர் மட்டும். சவரம் செய்து, டூட்டிக்குப் போகிற மாதிரி சட்டையை உள்ளே விட்டிருந்தார். காதில் மெஷின் மாட்டியிருந்தார். அதை அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டார்.

முதல் ரவுண்டு போனார். கதவு இடுக்கு வழியாகப் பார்த்தோம். தொட்டில் துணியை விலக்கி, குழந்தையின் வயிற்றில் கையை வைத்து, மூச்சு பார்த்தார். கழுத்தில் புறங்கையை வைத்துச் சூடு பார்த்தார். துணி நனைந்திருக்கிறதா என்று பார்த்தார். பூனை மாதிரி திரும்பி வந்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் இரண்டாவது ரவுண்டு. மூன்றாவது. ரஞ்சனா என் காதில், "பெத்தவ பார்ப்பாளா இப்டி? நல்லாத்தானே பார்க்கறாரு," என்றாள். ராஜி முகத்திலும் கொஞ்சம் தெளிவு வந்தது.

நாலாவது ரவுண்டு முடித்து அவர் வந்து உட்கார்ந்ததும் குழந்தை சிணுங்கியது.

அப்புறம் அழுதது. சின்ன அழுகைதான், முதலில். அவர் நேர் எதிரே இருந்த சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். தலைக்கு மேலே ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. அழுகை ஏறியது. ராஜி துப்பட்டாவை வாயில் அடைத்துக்கொண்டாள். சுனில் அவள் மணிக்கட்டைப் பிடித்து, "ஒன் மினிட், ஒன் மினிட்," என்றான். அவனுக்கே அழுகை வந்துவிடும் போல இருந்தது. குழந்தை மூச்சு பிடித்துக் கத்தியது. பக்கத்து ஃப்ளாட்டில் யாரோ கதவைத் திறப்பது கேட்டது. குணசேகரன் முழங்காலில் கையை வைத்துக்கொண்டு, அடுத்த ரவுண்டுக்கான நேரத்துக்காக, ரொம்ப ஒழுங்காக உட்கார்ந்திருந்தார். முகத்தில் ஒரு நிம்மதி. எல்லாம் சரியாகப் போகிறது என்ற நிம்மதி.

அந்த முகத்தைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

நேரம் வந்ததும் எழுந்து உள்ளே போனார். ஒரு அடி உள்ளே வைத்ததும் அவர் முதுகு விறைத்தது. ஓடிப்போய் அள்ளினார். குழந்தை சிவந்து, வியர்த்து, குரல் கம்மிப்போய்விட்டிருந்தது. தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே திரும்பினார். அதற்குள் நாங்கள் நாலு பேரும் வாசலில் நின்றிருந்தோம். எங்களுக்கு ஏற்கனவே கேட்டிருந்தது என்பதை எங்களைப் பார்த்ததும் அவர் தெரிந்துகொண்டார்.

"எவ்ளோ நேரமா?" என்று கேட்டார்.

"இப்பதான் மாமா. இப்பதான் ஆரம்பிச்சா," என்றாள் ராஜி.

அவர் அவள் உதட்டைப் பார்த்தார். அப்புறம் கண்ணைப் பார்த்தார். கண்ணீர் கன்னத்தில் வழிந்திருந்தது, துடைக்க மறந்துவிட்டாள்.

"சரிம்மா," என்றார். குழந்தையை அவளிடம் கொடுத்தார். "கிரெச்சுலயே போட்டுடுங்க. நல்ல எடமா பாருங்க." காதிலிருந்த மெஷினைக் கழற்றி அதன் டப்பாவில் வைத்து மூடினார். யாரிடமும் கோபம் காட்டவில்லை. மத்தியானம் எல்லாரோடும் உட்கார்ந்து சாப்பிட்டார். ரஞ்சனா மீன் குழம்பு நன்றாக இருக்கிறதா என்று கேட்டாள். அவள் கேட்டது அவருக்குத் தெரியவில்லை.

குழந்தை கிரெச்சுக்குப் போனது. பகலெல்லாம் குணசேகரன் அந்த ஃப்ளாட்டில் தனியாக இருந்தார். சாயங்காலம் அவர்கள் வரும் கேப் எது என்று தெரியாமல், கேட் பக்கம் வருகிற ஒவ்வொரு காரையும் எட்டிப் பார்ப்பார் என்று வாட்ச்மேன் என்னிடம் சொன்னான். ஒருநாள் பட்டான்செரு வந்தார். பவர் ஹவுஸில் கூலிங் டவரை இடித்துக்கொண்டிருந்தார்கள். தூசி மூட்டம். வெளிவேலிக்கு இந்தப்பக்கமே நின்று பார்த்துவிட்டு, என்னோடு டீ குடித்துவிட்டுப் போனார். டர்பைனை எப்போது எடுப்பார்கள் என்று கேட்டார். எடுத்துவிட்டார்கள் என்றேன்.

இரண்டு மாசத்தில் கரி யார்டும் காலியானது. தரையைச் சுரண்டிக் கடைசி லாரியை அனுப்பிய பிறகு எங்களையும் அனுப்பினார்கள். வேலை போன அன்றைக்கு நான் அழவேண்டும். ஆனால் ராஜி போனில், "அப்பா, நாளைலருந்து பாப்பா உன்கிட்டதான். கிரெச் வேணாம்," என்றபோது எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. தெருவிலேயே நின்று சிரித்தேன். அப்புறம்தான் அந்தச் சந்தோஷம் யாருக்கு வரவேண்டியது என்று ஞாபகம் வந்தது.

காலையில் ஷேர் ஆட்டோ பிடித்து மியாப்பூர் போய்விடுகிறேன். கதவைத் திறப்பவர் அவர்தான். முதல் வாரம் கதவைத் திறந்துவிட்டுத் தன் அறைக்குப் போய்விடுவார். நான் கூப்பிட்டேன்.

"சம்பந்தி, ரெண்டு பேருமா பார்க்கலாம். எனக்கு டயப்பர் மாட்டத் தெரியல. முன்ன எது, பின்ன எதுன்னே புரியல."

"கத்துக்க," என்றார். ஆனால் வந்து மாட்டிக் கொடுத்தார். இப்போது ஹாலிலேயே உட்கார்ந்திருக்கிறார். குழந்தை அவரைக் கண்டால் காலை உதைத்துக்கொண்டு தாவுகிறாள். பெரியவர்கள் பேசினால் உதட்டைப் பார்த்துப் பாதி புரிந்துகொள்வார். இவள் உதட்டில் இன்னும் ஒரு வார்த்தையும் வரவில்லை. ங்கா, ப்பூ என்று ஏதேதோ சொல்கிறாள். நான் சிரிப்பேன். அவர் என்னைப் பார்த்துவிட்டுச் சிரிப்பார்.

நேற்று மத்தியானம் அவளுக்குத் தூக்கம் வரவில்லை. பல் முளைக்கிற வலியாக இருக்கலாம். தோளில் போட்டுக்கொண்டு நான் ஹாலில் நடந்தேன். முகம் என் முதுகுப் பக்கம் தொங்கியது. என் காதுக்குப் பக்கத்திலேயே கத்துகிறாள், காது ரெண்டாகப் பிளந்துவிடும் போல. குணசேகரன் நாற்காலியிலிருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரிந்தது அவளுடைய முதுகு மட்டும்.

"தூங்கிட்டாளா?" என்று கேட்டார், சத்தம் போட்டால் எழுந்துவிடப் போகிறாளே என்று உதட்டை மட்டும் அசைத்து.

நான் தலையை ஆட்டினேன், இல்லை என்று. "அழறா சம்பந்தி," என்றேன்.

அவர் எழுந்து, என்னைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனார், பார்ப்பதற்கு.